ஸ்கேன் செய்த கைப்பிடி: மெஷ்ஷை அப்படியே சாலிடாக மாற்றலாமா, புதிதாக வரைய வேண்டுமா?

வடிவன்:
களிமண்ணில் பிடித்த கைப்பிடியை ஸ்கேன் செய்து எஸ்டிஎல் (பரப்பை முக்கோண வலையாக, அதாவது மெஷ்ஷாக வைக்கும் ஃபைல்) ஆக்கியிருக்கிறேன். 2 லட்சம் முக்கோணங்கள். ஃப்யூஷன் என்ற கேட் மென்பொருளில் அதைச் சாலிடாக (உள்ளே நிரம்பிய, எடிட் செய்யக்கூடிய வடிவமாக) மாற்றப் போனால் கணினி திணறுகிறது. பிளாஸ்டிக் மோல்டு போட வேண்டும், 2 மி.மீ. சுவர், ஸ்க்ரூ துளை, டிராஃப்ட் (மோல்டிலிருந்து கழன்று வரச் சுவருக்குக் கொடுக்கும் சாய்வு) எல்லாம் தேவை. மோல்டு செய்பவர் ஸ்டெப் ஃபைல் (கேட் மென்பொருள்கள் பொதுவாகப் படிக்கும் சாலிட் ஃபைல்) கேட்கிறார்.

நாற்கோணம்:
அப்படியே மாற்றினால் ஒவ்வொரு முக்கோணமும் ஒரு ஃபேஸ் (தனி முகம்) ஆகிவிடும், ஃபில்லெட் (விளிம்பை உருட்டுவது) கூடப் போட முடியாது. முதலில் நாற்கோண மெஷ் ஆக்குங்கள். ரைனோ என்ற மென்பொருளில் 7-ஆம் பதிப்பிலிருந்து அதற்கான குவாட்ரீமெஷ் கட்டளை இருக்கிறது. இலவசமாக வேண்டுமென்றால் இன்ஸ்டன்ட் மெஷஸ். 2,000 நாற்கோணம் போதும். அதை சப்டி (நாற்கோண வலையிலிருந்து வரும் வழுவழுப்பான பரப்பு) ஆக்கி நர்ப்ஸுக்கு (கேட் பயன்படுத்தும் கணித வளைபரப்பு) மாற்றினால் ஸ்டெப் ரெடி. விரல் பதிந்த பள்ளம்கூட அப்படியே வரும்.

பட்டறைக்காரர்:
ஸ்டெப் வரும், சரி. எடிட் செய்ய முடியுமா? நாளைக்கு 2 மி.மீ. சுவரை 2.5 ஆக்கச் சொன்னால் வடிவன் என்ன செய்வார்? 2,000 ஒட்டுத் துண்டுகள் கொண்ட தோலுக்கு டிராஃப்ட் கட்டளை போட்டால் எடுக்காது. வெளிப்பக்கம் புடைத்த வளைவின் ஆரம் சுவர்க் கனத்தைவிடச் சிறிதாக இருந்தால், ஷெல் (சாலிடைக் குடைந்து சுவராக்கும் கட்டளை) உள்ளே போகும்போது பரப்பு தன்னையே வெட்டிக்கொள்ளும். பிரிகோட்டை (மோல்டின் இரு பாதிகள் சேரும் கோடு) முதலில் முடிவு செய்யுங்கள். அப்புறம் மெஷ்ஷின் மேல் ஏழெட்டு வெட்டுமுகக் கோடு எடுத்து லாஃப்ட் (அந்தக் கோடுகளை இணைத்துப் பரப்பாக்கும் கட்டளை) போடுங்கள். மெஷ் வெறும் அளவுகோல்தான்.

நாற்கோணம்:
ஏழெட்டுக் கோட்டில் அந்தப் பள்ளங்கள் மழுங்கிவிடும், ஐயா. களிமண்ணில் கையால் அழுத்தியதைக் காப்பாற்றத்தானே வடிவன் ஸ்கேனே செய்தார்?

பட்டறைக்காரர்:
பள்ளம் இருக்கும் இடத்தில் கோட்டை நெருக்கிப் போடலாம். புதிய பரப்பு மெஷ்ஷிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று கலர் மேப்பில் (விலகலை நிறத்தால் காட்டும் படம்) பாருங்கள், 0.2 மி.மீ.க்குள் இருந்தால் கைக்குத் தெரியாது. உங்கள் வழியில் மூன்று அல்லது ஐந்து விளிம்புகள் கூடும் புள்ளிகளில் வளைவு சீராகத் தொடராது. பளபளப்பான பிளாஸ்டிக்கில் அது வெளிச்சத்தில் காட்டிக்கொடுக்கும்.

மணி_3டி:
பிளெண்டர் என்ற இலவச 3டி மென்பொருளிலேயே பூலியன் (ஒரு வடிவத்தால் இன்னொன்றை வெட்டும் கட்டளை) போட்டுத் துளை எடுக்கலாமே? 3டி பிரிண்ட் எடுக்க ஸ்டெப்பே வேண்டாம்.

வடிவன்:
பிரிண்ட் இல்லை நண்பரே, மோல்டு.

நாற்கோணம்:
அந்தப் புள்ளிகளைக் கட்டைவிரலுக்குக் கீழே, கண்ணில் படாத இடத்துக்குத் தள்ளலாம்; குவாட்ரீமெஷ்ஷுக்கு வழிகாட்டும் கோடு கொடுத்தால் ஓட்டம் மாறும். துளை, பிரிகோடு, பொருந்தும் முகங்கள் எல்லாவற்றையும் சாதாரணத் தளமாக வெட்டி எடுங்கள், அதில் எனக்கு மறுப்பில்லை. வெளித்தோலை மட்டும் லாஃப்ட்டுக்கு விடாதீர்கள்.

பட்டறைக்காரர்:
வெளித்தோல் சரியில்லை என்றால் உள்சுவரும் சரியில்லை. கனம் சீராக இல்லாத இடத்தில் பிளாஸ்டிக் குளிரும்போது உள்வாங்கிக் குழி விழும். வடிவன், இவர் சொன்னபடி ஒரு முறை மாற்றி ஷெல் 2 மி.மீ. போடுங்கள். பிறகு 2.5 போடுங்கள். இரண்டும் பிழையில்லாமல் வந்தால் அதையே அனுப்புங்கள். வராவிட்டால் கோடு வரையத் தொடங்குங்கள்.