கிரான்ஸ்டாட் மாலுமிகளின் தீர்மானம் தமிழில் கிடைக்குமா?

வரும் ஞாயிறு திருச்சியில் எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஜார்ஜ் ஆர்வெலின் ‘விலங்குப் பண்ணை’ பற்றிப் பேசுகிறேன். ரஷ்யப் புரட்சியை ஒரு பண்ணை விலங்குகளின் கதையாகச் சொல்லும் நாவல் அது. ஓர் இடத்தில் சிக்கி நிற்கிறேன்.

பண்ணை முதலாளியை விரட்டி விலங்குகளுக்கு விடுதலை கிடைத்த முதல் நாளே, நுரை ததும்பக் கறந்த ஐந்து வாளிப் பால் மாலைக்குள் மாயமாகிறது. பிறகு ஆப்பிள்களும் பன்றிகளுக்கே என்றாகிறது. கதையின் திருப்புமுனை இதுதான், கிரான்ஸ்டாட்டை மனத்தில் வைத்தே எழுதினேன் என்று ஆர்வெலே 1946இல் ஒரு கடிதத்தில் சொல்கிறார். கிரான்ஸ்டாட் ரஷ்யாவின் ஒரு கடற்படைத் தளம். 1921இல் போல்ஷெவிக் அரசை எதிர்த்து எழுந்த அந்தத் தள மாலுமிகள் தங்கள் தீர்மானத்தில் கேட்டது ரகசிய வாக்கெடுப்பு, உழைப்பவர்களுக்குச் சமமான ரேஷன் போன்றவற்றைத்தான். எத்தனை நியாயமான கோரிக்கைகள்! ஆனால் எங்கள் வட்டத்தில் பலர் இதைச் சோஷலிசத்துக்கே எதிரான நாவல் என்கிறார்கள். ஸ்பெயினில் பாசிஸ்டுகளை எதிர்த்துப் போரிட்டுக் கழுத்தில் குண்டடி பட்டவர் எழுதியது இது. என்னால் ஏற்க முடியவில்லை.

தீர்மானத்தின் ஆங்கில வடிவம் கையில் இருக்கிறது. வட்டத்தில் பாதிப் பேருக்கு அது பயன்படாது. நானே மொழிபெயர்க்க முயன்று, அரசியல் சொற்களில் தடுமாறி நிறுத்திவிட்டேன். நூலகத்தில் ரஷ்யப் புரட்சி நூல்களை மூன்று நாள் புரட்டினேன். பழைய புத்தகக் கடைகளிலும் கேட்டுவிட்டேன்.

அந்த 15 அம்சத் தீர்மானம் முழுமையாகத் தமிழில் எந்த நூலிலாவது, இதழிலாவது வந்திருக்கிறதா?