கேடயக்காரன் எங்கே நிற்பது?

கேடயம் வைத்திருப்பவன்தான் முன்னால் போய் நிற்க வேண்டும் என்பது எங்கள் குழுவில் எழுதாத சட்டம். ராயபுரத்தில் ஒரு மொட்டை மாடியில் விளையாடுகிறோம். கேரம் காய்கள்தான் வீரர்கள், தீப்பெட்டிகள்தான் சுவர். ஆட்டம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு பாத்திரமாகி டைஸ் உருட்டி விளையாடுகிற கதை ஆட்டம்), ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். கதையை நடத்துகிற டிஎம் அண்ணன் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தையே போர்க்களமாக வரைந்துவிட்டார்: கரையேற்றிய படகுகள், ஐஸ் பெட்டிகள், காயப்போட்ட வலைகள், நடுவில் காப்ளின் என்கிற குட்டிப் பூதங்களின் கூட்டம்.

ஏசி என்பது அடி பட எதிரியின் டைஸ் கணக்கு எட்டவேண்டிய எண். எங்கள் ஃபைட்டருக்கு, அதாவது போர்வீரனுக்கு, செயின் மெயில் என்கிற சங்கிலிக் கவசத்தில் 16, கேடயத்துக்கு 2, ஆக ஏசி 18. காப்ளினின் வில்லுக்கு +4, அது டைஸோடு சேரும். இருபது பக்க டைஸில் 14 விழுந்தாலே அடிபடும், அதாவது இருபதில் ஏழு வாய்ப்பு. படகுக்குப் பின்னால் ஒதுங்கினால் பாதி மறைப்பு, இன்னொரு 2 கூடும். தலையும் கையும் மட்டும் தெரிகிற மாதிரி பதுங்கினால் முக்கால் மறைப்பு, 2-க்குப் பதில் 5. அப்போது ஏசி 23. 19-ஓ 20-ஓ விழுந்தால்தான் அம்பு தொடும். ஒரு கையைக் கொடுத்து வாங்குகிற 2-ஐ விட, சும்மா கிடக்கிற படகு தருகிற 5 பெரிசு. இதைச் சொன்னால் நம்ம ஃபைட்டர் தம்பிக்குக் கோபம் வரும். "ஒளிஞ்சு சண்டை போட நான் என்ன ரோக்கா?" என்பான்.

நிஜமான ரோக் (பதுங்கித் தாக்குகிற பாத்திரம்) வலைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது தனிக்கதை. வலை கண்ணை மறைக்கும், அம்பை நிறுத்தாது என்று டிஎம் ஏசியைக் கூட்ட மறுத்துவிட்டார். எனக்கு அது சரியான தீர்ப்பாகவே பட்டது.

பெரிய ரகளை ஐஸ் குடோன் வாசலில்தான். தம்பி கேடயத்தோடு வாசலை அடைத்து நின்றான். பின்னாலிருந்து எங்கள் வில்லாளி அக்கா எய்தார், டைஸும் கூட்டலும் சேர்த்து 16. காப்ளினின் ஏசி 15. "பட்டுச்சு!" என்று கத்தியபோது டிஎம் தலையை ஆட்டினார். எதிரியோ கூட்டாளியோ, குறுக்கே நிற்கிற உடம்பும் பாதி மறைப்புத் தரும். காப்ளினுக்கு ஏசி 17, அம்பு வீண். "டேய், நீ எனக்குக் கேடயமா, அவனுக்கா? நகருடா!" கீழ் வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம். அடுத்த லெவலில் அக்கா எடுத்தது ஷார்ப்ஷூட்டர் என்கிற தனித்திறன். பாதி, முக்கால் மறைப்பு இரண்டுமே அந்த அம்பைத் தடுக்காது. தம்பியும் அதற்கப்புறம் வாசலுக்கு ஒரு கட்டம் தள்ளி நிற்கப் பழகிக்கொண்டான்.

கடைசியில் காப்ளின்களின் பூசாரி தம்பிமேல் சேக்ரட் ஃபிளேம் என்கிற நெருப்பு மந்திரம் விட்டான். அதைத் தாங்க டெக்ஸ்டெரிட்டி சேவ் போட வேண்டும், அதாவது சுறுசுறுப்பை வைத்துத் தப்ப டைஸ் உருட்ட வேண்டும். அந்த மந்திரத்துக்கு எதிராகப் படகின் மறைப்பு கணக்கில் வராது, ஏசியைக் கூட்டுகிற கேடயத்துக்கும் அங்கே வேலையில்லை. படகுக்குப் பின்னால் முழுசாக மறைந்திருந்தால் தம்பி அந்தப் பூசாரியின் கண்ணில் பட்டிருக்கவே மாட்டான். தம்பிக்கு அது எங்கே பிடிக்கும்?

அப்புறம் இதே மாதிரியான இன்னொரு ஆட்டமான பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்புக்கு மாறினோம். அங்கே ஒவ்வொரு சுற்றிலும் மூன்று செயல்களில் ஒன்றைச் செலவழித்துக் கேடயத்தைத் தூக்கினால்தான் ஏசிக்கு 2. சாதாரண மறைப்புக்கும் 2 உண்டு, ஆனால் இரண்டும் ஒரே வகைக் கூட்டல் என்பதால் சேராது. பழைய கணக்கில் மதில் ஓரமாக நின்று கேடயத்தையும் தூக்கிய தம்பிக்கு ஒரு செயல் தண்டம். மறுபக்கம், ஷீல்டு பிளாக் (விழுகிற அடியைக் கேடயத்தில் வாங்குவது) அருமையான விஷயம். ஓகர் என்கிற பெரிய அரக்கன் (எங்கள் பலகையில் கேரம் ஸ்ட்ரைக்கர்) 17 புள்ளிக்கு அடித்தது. இரும்புக் கேடயம் 5-ஐத் தாங்கியது. மீதி 12 தம்பிக்கும் விழுந்தது, கேடயத்துக்கும் விழுந்தது. கேடயத்தின் 20 புள்ளியில் மிஞ்சியது 8. 10-க்கு இறங்கினாலே உடைந்த கணக்கு. இனி சரிசெய்யும்வரை தூக்கிப் பயனில்லை. சண்டை முடிந்ததும் அவன் முதலில் வாங்கியது ரிப்பேர் கிட். இரண்டாவது கேடயமும் வாங்கலாமா என்று இன்னும் பேரம் நடக்கிறது.