எல்எம்317 பவர் சப்ளை: லோடு கொடுத்தால் 12 வோல்ட் இறங்குகிறது, 3.3-இல் ஐசி கொதிக்கிறது

சால்டர்புகை:
வணக்கம். 1.25 முதல் 12 வோல்ட் வரை மாற்றிக்கொள்ளும்படி ஒரு சின்ன பவர் சப்ளை போட்டிருக்கிறேன். 0-12 வோல்ட் 1 ஆம்பியர் டிரான்ஸ்பார்மர், ஏசியை டிசியாக்க நான்கு 1என்4007 டயோடு சேர்த்த பிரிட்ஜ், 1000 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் கெப்பாசிட்டர், எல்எம்317 (வோல்ட்டை மாற்றி நிலையாக வைக்கும் ரெகுலேட்டர் ஐசி), அதற்கு 240 ஓமும் 5 கிலோஓம் பாட்டும் (திருப்பி ரெசிஸ்டன்ஸ் மாற்றும் பொட்டென்ஷியோமீட்டர்).

லோடு இல்லாமல் 12 வோல்ட் ஆடாமல் நிற்கிறது. 800 மில்லிஆம்பியர் இழுத்தால் மீட்டர் 10 காட்டுகிறது, ஆம்ப்ளிஃபயர் மாட்டினால் 'ம்ம்ம்' என்று இரைச்சல். 3.3 வோல்ட்டில் 700 மில்லிஆம்பியர் கொடுத்தால் ஐசி கொதித்து அணைந்துவிடுகிறது, கொஞ்ச நேரத்தில் தானே உயிர் பெறுகிறது. மாட்டியிருப்பது சின்ன கிளிப் ஹீட்சிங்க். பாட்டைப் பாதிக்கு மேல் திருப்பினால் எதுவும் மாறுவதில்லை, சில சமயம் திருப்பும்போது வோல்ட் எகிறுகிறது. கெப்பாசிட்டரை 10000 ஆக்கினால் தீருமா?

அலைபள்ளம்:
தீராது. ஐசிக்குள் போகும் வோல்ட்டின் சராசரியைப் பார்க்காதீர்கள், ஒவ்வொரு அலையிலும் அது எவ்வளவு தாழ்கிறது என்று பாருங்கள்.

12 வோல்ட் ஏசியின் உச்சம் 17. பிரிட்ஜில் இரண்டு டயோடு சேர்ந்து 1.8 வோல்ட் தின்றுவிடும், மிச்சம் 15.2. நம் 50 ஹெர்ட்ஸ் கரன்டில் கெப்பாசிட்டர் 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை நிரம்புகிறது. இடையில் இறங்கும் வோல்ட், கரன்ட் பெருக்கல் 0.01 வகுத்தல் ஃபாரட். 0.8 ஆம்பியருக்கு 1000 மைக்ரோஃபாரட் என்றால் 8 வோல்ட். இது மேல்வரம்பு, நிஜத்தில் 6 போல இருக்கும். ஆக ஐசியின் உள்ளே வருவது 15-க்கும் 9-க்கும் நடுவே ஆடுகிறது. 12 கொடுக்க எல்எம்317-க்கு குறைந்தது 14 வேண்டும். அதற்குக் கீழே போகும் நேரமெல்லாம் ரெகுலேஷன் கிடையாது, 100 ஹெர்ட்ஸ் அப்படியே வெளியே வருகிறது. உங்கள் இரைச்சல் அதுதான்.

10000 போட்டால் ரிப்பிள் (இந்த ஏற்ற இறக்கம்) 0.8 வோல்ட் ஆகும், ஆனால் டிரான்ஸ்பார்மர் அழும். பிரிட்ஜும் கெப்பாசிட்டரும் உள்ள சர்க்யூட்டில், ஏசி ரேட்டிங்கில் சுமார் 0.62 பங்குதான் டிசியாக எடுக்கலாம். உங்கள் 1 ஆம்பியர் டிரான்ஸ்பார்மருக்கு அது 0.6. கெப்பாசிட்டர் பெருக்கப் பெருக்க சார்ஜ் ஆகும் நேரம் சுருங்கி, கரன்ட் கூர்மையாகப் பாய்கிறது, காயில்தான் சூடாகும்.

12 வோல்ட் 1 ஆம்பியர் உண்மையிலேயே வேண்டுமென்றால்: 15 வோல்ட் 2 ஆம்பியர் டிரான்ஸ்பார்மர், 3 ஆம்பியர் டயோடு (1என்5402 அல்லது 5408), 4700 மைக்ரோஃபாரட். உச்சம் 21.2, டயோடு போக 19, ரிப்பிள் 2, பள்ளம் (அலை தாழும் இடம்) 17. வீட்டுக் கரன்ட் (மெயின்ஸ்) 230-லிருந்து 207 வோல்ட்டுக்கு இறங்கினாலும் பள்ளம் 15, தாங்கும். கெப்பாசிட்டர் 35 வோல்ட் வாங்குங்கள். லோடு இல்லாதபோது சின்ன டிரான்ஸ்பார்மர் 15 சதவீதம் கூடுதலாகக் கொடுக்கும். மெயின்ஸும் 250 ஆனால் 26 வோல்ட் ஏறும், 25 வோல்ட் கெப்பாசிட்டர் உப்பிவிடும்.

ரிப்பிளை மல்டிமீட்டரிலேயே பார்க்கலாம். ஏசி ரேஞ்சில் வைத்து கெப்பாசிட்டர் இரு கால்களில் தொடுங்கள், வரும் எண்ணை 3.5-ஆல் பெருக்கினால் மேடு-பள்ள வித்தியாசம் தோராயமாகக் கிடைக்கும். விலை குறைந்த மீட்டர்கள் ஏசி ரேஞ்சிலும் டிசியைக் காட்டித் தொலைக்கும். முதலில் அதே ரேஞ்சில் ஒரு 9 வோல்ட் பேட்டரியை இரண்டு பக்கமும் திருப்பித் தொட்டுப் பாருங்கள். ஏதாவது ஒரு பக்கம் 20 மாதிரி காட்டினால், ஒரு முனையில் 1 மைக்ரோஃபாரட் பாலியெஸ்டர் கெப்பாசிட்டரைத் தொடராக வைத்து அளக்கவும்.

டிராப்அவுட்:
பாட் விஷயம் நான் சொல்கிறேன். 240 ஓமுக்கு 12 வோல்ட் வர 2064 ஓம் போதும். 5 கிலோஓமில் அது 40 சதவீதம், மீதி 60 சதவீதம் வீண். அங்கே ஐசி 27 வோல்ட் வரை கேட்கிறது, உள்ளே 15-தான் இருக்கிறது.

240-ஐ 120 ஓமாக்கி, பாட்டை 1 கிலோஓமாக்குங்கள். உச்சம் 11.7 வரும். கண்டிப்பாக 12 வேண்டுமென்றால் பாட்டுடன் தொடராக 47 ஓம் சேருங்கள், ஆனால் அடிமட்டம் 1.25-லிருந்து 1.75 ஆகிவிடும். 120 ஓமில் இன்னொரு லாபம்: எல்எம்317 ஒழுங்காக நிற்க குறைந்தபட்ச லோடு வேண்டும், டேட்டாஷீட் 10 மில்லிஆம்பியர் வரை கேட்கிறது. 240 ஓம் 5-தான் கொடுக்கும். சில ஐசியில் லோடு இல்லாதபோது வோல்ட் மேலே மிதப்பது இதனால்தான்.

எகிறுவது பாட்டின் நடுக்கால் ஒரு கணம் தொடர்பு விடுவதால். அப்போது ஐசியின் அட்ஜஸ்ட் காலில் (பாட் மாட்டியிருக்கும் கால்) வோல்ட் மேலே போய்விடும், வெளியீடும் கூடவே ஏறும். நடுக்காலை ஒரு முனையோடு சேர்த்து சால்டர் செய்யுங்கள், விட்டால் 1 கிலோஓமுக்கு மேல் போகாது. ஆனாலும் முழு 12 வரும், 3.3 வோல்ட் போர்டு பிழைக்காது. பாட் வாங்கும்போது மட்டும் காசு பார்க்காதீர்கள்.

120 ஓமை ஐசியின் அவுட் காலிலேயே சால்டர் செய்யவும். வயர் முனையில், லோடு பக்கம் வைத்தால் வயரின் ரெசிஸ்டன்ஸ் பல மடங்காகி வெளியீட்டில் தெரியும். பாட்டின் கீழ்முனை மட்டும் வெளியீட்டு டெர்மினலின் கிரவுண்டுக்கே போகட்டும்.

அட்ஜஸ்ட் காலிலிருந்து கிரவுண்டுக்கு 10 மைக்ரோஃபாரட் போட்டால் ரிப்பிள் தடுப்பு 65-லிருந்து 80 டெசிபல் ஆகும். போட்டால் இரண்டு 1என்4007-உம் வேண்டும்: ஒன்றின் கோடு போட்ட முனை அவுட்டில், மறுமுனை அட்ஜஸ்டில். மற்றதன் கோடு போட்ட முனை இன் காலில், மறுமுனை அவுட்டில். வெளியீடு ஷார்ட் ஆனால் அந்த 10 மைக்ரோஃபாரட் ஐசி வழியாகத்தான் காலியாகும், டயோடு இல்லையென்றால் ஐசி போய்விடும்.

7805 (நிலையான 5 வோல்ட் ரெகுலேட்டர்) பழகியவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம்: இதன் முதுகுத் தகடு கிரவுண்டு அல்ல, அவுட். மின்சாரம் கடத்தாத மைக்காவும் பிளாஸ்டிக் புஷ்ஷும் இல்லாமல் இரும்புப் பெட்டியில் முடுக்காதீர்கள். கால் வரிசையும் வேறு: எழுத்து தெரியும் பக்கத்திலிருந்து அட்ஜஸ்ட், அவுட், இன்.

சால்டர்புகை:
இருவருக்கும் நன்றி. கையில் நடு வயர் உள்ள 12-0-12 2 ஆம்பியர் டிரான்ஸ்பார்மர் ஒன்று கிடக்கிறது. இரண்டு ஓரத்தையும் எடுத்து 24 வோல்ட்டாகப் போட்டால் பள்ளம் பிரச்சினையே இராதே?

அலைபள்ளம்:
பள்ளம் இராது, அடுப்பு இருக்கும். 24-இன் உச்சம் 34. 3.3-க்கு 700 மில்லிஆம்பியர் எடுத்தால் ஐசியில் 20 வாட்.

நடு வயரைக் கிரவுண்டாக வைத்து இரண்டே டயோடு போடுங்கள். ஒரு டயோடு இழப்புதான், உச்சம் 16. 4700-உடன் 0.8 ஆம்பியரில் பள்ளம் 14.3. மெயின்ஸ் 230 இருக்கும்வரை 12 வரும், தாழ்ந்த நேரத்தில் 10-க்கு மேல் நம்பாதீர்கள்.

3.3-இல் சூடு: (15.2 − 3.3) × 0.7, அதாவது 8.3 வாட். அறை 35 டிகிரி, ஐசியின் உள்ளே தாங்கும் உச்ச வெப்பம் 125. 90-ஐ 8.3-ஆல் வகுத்தால் வாட்டுக்கு 10.8 டிகிரி. ஐசிக்கும் மைக்காவுக்கும் 6 போகும், ஹீட்சிங்க் 4.8-ஐத் தாண்டக்கூடாது. உங்கள் கிளிப் 20 பக்கம் இருக்கும். விரல் நீளத் துடுப்புள்ள அலுமினியம் வேண்டும், அதையும் பெட்டிக்கு வெளியே. அடிக்கடி 3.3, 5 தான் தேவையென்றால், எல்எம்2596 பக் மாட்யூலை (அதிகம் சூடாகாமல் வோல்ட்டைக் குறைக்கும் போர்டு) 6.5 வோல்ட்டுக்கு வைத்து அதன் பின் எல்எம்317 போடுங்கள். சூடு 2.2 வாட்டாகிவிடும். 5-க்கு மாட்யூலை 8-இல் வைக்கவும்.

பிரைமரியில் 315 மில்லிஆம்பியர் ஸ்லோ ஃபியூஸ், ஃபேஸ் வயரில். இரும்புப் பெட்டி என்றால் மூன்று பின் பிளக், எர்த் வயரைப் பெட்டியில் தனி போல்ட்டில் முடுக்கவும். 4700-இன் குறுக்கே 2.2 கிலோஓம் அரை வாட் ஒன்று, அணைத்த பிறகு சார்ஜ் தங்காமலிருக்க.