மியூனிக் எல்எம்யூ பற்றித் தெரிந்தவர்கள் இருக்கீங்களா?

கோபிக்காரன்:
தங்கச்சிக்கு ஜெர்மனியில் மியூனிக் எல்எம்யூவில் (லுட்விக் மாக்சிமிலியன் பல்கலைக்கழகம்) எம்எஸ்சி கெமிஸ்ட்ரி இடம் கிடைத்திருக்குங்க. அப்பா மட்டும் முரண்டு பிடிக்கிறார். கேட் இல்லை, காம்பவுண்ட் இல்லை, பீஸும் வாங்க மாட்டார்களாம், இது என்ன காலேஜ், ஏஜென்ட் தலையில் மிளகாய் அரைக்கிறானா என்கிறார். போதாததற்கு, 1472ல் இங்கோல்ஸ்டாட் என்ற வேறு ஊரில் ஆரம்பித்தது என்று எங்கோ படித்துவிட்டு, அப்போ மியூனிக்கில் இருப்பது கிளையா என்று வேறு கேட்கிறார்.

பெருந்துறை டூ மியூனிக்:
கிளையெல்லாம் இல்லைங்க தம்பி. டியூக் லுட்விக் தொடங்கியது இங்கோல்ஸ்டாட்டில்தான். 1800ல் பிரெஞ்சுப் படை நெருங்கியதும் அப்போது பவேரியாவை ஆண்ட மாக்சிமிலியன் அதை லாண்ட்ஸ்ஹூட் ஊருக்கு மாற்றினார், இந்த ரெண்டு பேரையும் சேர்த்துத்தான் லுட்விக் மாக்சிமிலியன் என்று பெயர். 1826ல் முதலாம் லுட்விக் மன்னர் மியூனிக்குக்கே கொண்டுவந்துவிட்டார். எக்ஸ்ரே கண்டுபிடித்த ரோன்ட்கன் நோபல் வாங்கிய 1901ல் இங்கேதான் பேராசிரியர். மெயின் பில்டிங் வாசலில் நடக்கும்போது தரையைப் பாருங்க, துண்டுப் பிரசுரம் சிதறிக் கிடக்கிற மாதிரியே பதித்து வைத்திருப்பார்கள். 1943 பிப்ரவரி 18ல் ஹிட்லரை எதிர்த்து உள்ளே நோட்டீஸ் போட்ட ஹான்ஸ் ஷோல், சோஃபி ஷோல் என்ற அண்ணன் தங்கையை அங்கேயே பிடித்தார்கள், நாலே நாளில் தலையை வெட்டிவிட்டார்கள். மாணவர்கள்தான் ரெண்டு பேரும்.

பொள்ளாச்சி மச்சான்:
அப்பா பாரதியார் யுனிவர்சிட்டியை மனதில் வைத்துப் பார்க்கிறார் போல. இங்கே இணைப்புக் கல்லூரி என்ற ஏற்பாடே கிடையாது, பாடம் நடத்துவது, பரீட்சை வைப்பது, பட்டம் தருவது எல்லாம் பல்கலைக்கழகமேதான். 18 ஃபேகல்டி (பாடப் பிரிவுகள்), ஒவ்வொன்றுக்கும் ஒரு டீன், 50,000க்கு மேல் மாணவர்கள், அதனால் கட்டிடங்கள் ஊர் முழுக்க இருக்கும். கெமிஸ்ட்ரி மெயின் பில்டிங்கில் இல்லை, கிரோஸ்ஹாடெர்ன் பகுதியில். யூ6 மெட்ரோ ரயில் ரெண்டு இடத்துக்கும் போகும்.

பீஸ் விஷயம்: ஜெர்மனியில் கல்வி மாநிலங்கள் கையில், இது பவேரியா மாநில அரசுப் பல்கலைக்கழகம், வரிப்பணத்தில் ஓடுகிறது. ஆனால் அதே ஊர் டியூஎம்மோடு (மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) குழப்பிக்க வேண்டாம். அது 1868ல் வந்த வேறு பல்கலைக்கழகம், 2024 குளிர்கால செமஸ்டர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து புதிதாகச் சேர்பவர்களிடம் பெரும்பாலும் பீஸ் வாங்குகிறார்கள்.

பெருந்துறை டூ மியூனிக்:
இன்னொன்று, ஹாஸ்டலை யுனிவர்சிட்டி பார்க்காது. விடுதியும் கேன்டீனும் ஸ்டுடீரண்டன்வெர்க் என்ற தனி அமைப்பு கையில். செமஸ்டருக்குக் கட்டும் சின்னத் தொகை அதற்குத்தான் போகிறது. ரூமுக்குக் காத்திருப்போர் பட்டியல் ரொம்ப நீளம், அம்மணியை இன்றைக்கே விண்ணப்பம் போடச் சொல்லுங்க, விசா வரட்டும் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம்.