தோட்டப் படத்தை நகலெடுத்தவர்களே, எங்கே சறுக்கினீர்கள்?

சத்துவாச்சாரி மாடியறை

நானும் பிரெஞ்சு ஓவியர் மோனேயின் ‘தோட்டத்தில் பெண்கள்’ படத்தைத்தான் எடுத்தேன். அளவு மாறாமல் நகலெடுக்கக் கட்டம் போட்டது, பர்ன்ட் அம்பர் என்ற பழுப்பு வண்ணத்தில் கோடு இழுத்தது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், விட்டுவிடுகிறேன். முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் வெள்ளைப் பாவாடை தரையெல்லாம் விரிந்து கிடக்கும் அல்லவா, அதன் மேல் மர நிழல். நிழல்தானே என்று வெள்ளையில் ஐவரி பிளாக் என்ற கறுப்பு வண்ணத்தைக் கலந்து பூசினேன். மூன்று மாலைப் பொழுதுகள் அதற்கே போயின.

தெருமுனை இஸ்திரிக்காரர் வேட்டிகளைக் கொடுக்க மேலே வந்தார். படத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “சார், இந்த அம்மா எதன் மேலோ உட்கார்ந்துவிட்டார்கள் போலிருக்கிறதே” என்றார். கேலி இல்லை. நிஜமாகவே கறை என்று நினைத்துவிட்டார்.

“அசல் படத்திலேயே அப்படித்தான் இருக்கிறது” என்றேன்.

பொய். அசலில் அந்த நிழல் நீலமும் ஊதாவுமாக இருக்கிறது. அச்சுப்படமோ அவர் முழங்கைக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருந்தது. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காசை வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார். ஒரு வருடம் ஆகிறது. அவர் வண்டியைத் தாண்டும்போது இன்னும் என் நடை வேகமாகிவிடுகிறது.

குடியாத்தம் மருமகள்

சார், கறுப்பின் மேல் பழி போடாதீர்கள். ஐவரி பிளாக்கில் வெள்ளை சேர்ந்தாலே நீலச் சாயல் வரும். வெயில் படும் பக்கத்து வெள்ளையில் துளி மஞ்சள் சேர்த்திருந்தால் அதே சாம்பல் நீலமாகத் தெரிந்திருக்கும். கறை விழுந்தது உங்கள் வெயிலில்தான்.

என் கதை கட்டத்தில். அசல் 255 செ.மீ. உயரம், 205 செ.மீ. அகலம். 16க்கு 20 அங்குல கேன்வாஸ் கிட்டத்தட்ட அதே விகிதம். நான் கையில் கிடைத்த 18க்கு 24ஐ எடுத்து, அச்சுப்படம், கேன்வாஸ் இரண்டிலும் எட்டுக்கு எட்டு கட்டம் போட்டுவிட்டேன். நான்கு பெண்களும் முருங்கைக்காயாக நீண்டார்கள். என் மாமியார், “அந்த வீட்டில் சோறு போடுவதில்லையா?” என்றார். அதோடு விட்டாரா? கூடத்தில் மாட்டச் சொல்லி, வருகிறவர்களிடமெல்லாம் அதையே கேட்கிறார்.

வாலாஜா எண்ணெய்க்காரன்

அக்னி நட்சத்திரத்தில் மொட்டைமாடியில் காயவைத்தேன். மேலே ஆடை கட்டிக்கொண்டது, அடியில் ஈரம், மரங்கள் முழுக்கச் சுருக்கம். என் அனுபவம் அவ்வளவுதான். ஆனால் சில விஷயங்களைச் சொல்லியே ஆக வேண்டும். ஆளிவிதை எண்ணெய் தண்ணீரைப் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு இறுகுகிறது. எனவே அடிப்பூச்சில் வண்ணத்தை இளக்கும் டர்பன்டைன் அதிகம், மேலே போகப்போக எண்ணெய் அதிகம். மாற்றிச் செய்தால் பின்னால் வெடிக்கும். அம்பர் சீக்கிரம் காயும், டைட்டானியம் வெள்ளை நாள் எடுக்கும். பாவாடையை அவசரப்பட்டுத் தொடாதீர்கள். முக்கியமாக, எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். தானே சூடேறித் தீப்பிடிக்கும். நம் ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம். தண்ணீரில் நனைத்து, மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள். தூரிகையை முதலில் காகிதத்தில் துடைத்து, பிறகு

(மீதியை இரவு எழுதுகிறேன்.)

காட்பாடி

வாலாஜா அண்ணா, யாரும் கேட்கவில்லையே! ஆனால் துணி விஷயம் சரி.

மோனே 1866இல் தோட்டத்தில் பள்ளம் வெட்டி, கப்பியால் கேன்வாஸை அதில் இறக்கி, பார்க்கும் இடம் மாறாமல் மேல்பகுதியை வரைந்தவர். நாமோ டியூப் லைட்டின் கீழ் அச்சுப்படத்தை வைத்துக்கொண்டு நீலமா சாம்பலா என்று சண்டை போடுகிறோம். எனக்கும் அதே பாவாடையில்தான் சிக்கல். ஒரு ஞாயிறு மாலை கோட்டைக்குப் போனேன். புல்தரையில் ஒரு குடும்பம், தூக்குவாளி, புளிசாதம். வெள்ளைப் புடவையில் ஒரு பாட்டி, மடியில் மர நிழல். பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். நீலமே இல்லை. புல்லின் பச்சை கீழிருந்து புடவையில் ஏறியிருந்தது, மடிப்பின் அடியில் மட்டும்.

எவ்வளவு நேரம் நின்றேனோ, பாட்டி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். பேரன் எழுந்து வந்து, “என்ன வேண்டும் உங்களுக்கு?” என்றான். படம் வரைகிறவன் என்று காட்ட என் கையில் ஒரு பென்சில்கூட இல்லை.