கேசட்டில் இருக்கும் கீபோர்டு இசை கம்ப்யூட்டரில் காணோம் (பூஞ்சைப் பிரச்சினையும் உண்டு)

சிப்புட் கேசட்காரன்:
வணக்கம். மலேசியா, சுங்கை சிப்புட்டில் இருந்து எழுதுகிறேன். என்னிடம் 112 கேசட்டும் முப்பது சொச்சம் சிடியும் இருக்கின்றன. எல்லாம் நம் ஊர் ஆட்கள் சொந்தக் காசைப் போட்டு எடுத்த ஆல்பங்கள். அம்மன் பாட்டு, ராப், காவடிச் சிந்தை எலெக்ட்ரிக் கிட்டாரில் வாசித்தது, தோட்டத்துக் கல்யாணங்களில் பாடிய பேண்டு என்று வகைதொகை கிடையாது. நம் ஊர் ராப் குழு யோகி பி - நட்சத்திராவின் 2006 ஆல்பம் 'வல்லவன்' தொலைந்தாலும் நெட்டில் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் பேண்டுக்காரர்களே நூறு காப்பி போட்டு பசார் மாலத்தில் (இரவுச் சந்தையில்) கூவி விற்ற கேசட்டுக்கு எங்கே போவது?

இரண்டு பிரச்சினை. ரொட்டி டின்னில் வைத்திருந்ததில் பாதிக்கு மேல் வெள்ளையாகப் பூத்துவிட்டது. அதில் ஒன்றைத் தெரியாமல் ஓட்டினேன். அதிலிருந்து எந்தக் கேசட்டைப் போட்டாலும் பாடகர் போர்வைக்குள் இருந்து பாடுகிறார்.

அடுத்தது, கேசட் ஓட்டும் டெக்கின் ஹெட்போன் துளையில் இருந்து வயர் இழுத்துப் பழைய லேப்டாப்பில் சொருகிப் பதிவு செய்தேன். ஒரே கரகரப்பு. அதோடு, காதில் மாட்டிக் கேட்டால் இருக்கும் கீபோர்டு, பதிவில் சுத்தமாக இல்லை! கேசட் போய்விட்டதா?

மழைக்கால மாடு:
நல்ல வெயிலில் அரை நாள் காய வையுங்கள் அண்ணே. எங்கள் அம்மா ஊறுகாய்க்கே அதுதான் செய்வார்.

ஈப்போ ரிப்பேர்:
ஐயோ, வெயில் வேண்டாம். கேசட் ஊறுகாய் இல்லை தம்பி, ஓடு வளைந்துவிடும், நாடாவும் சுருங்கும்.

சிப்புட் தம்பி, முதலில் அந்த டெக்கை ஓட்டுவதை நிறுத்துங்கள். பூஞ்சையும் நாடாத் தூளும், நாடாவைப் படிக்கும் ஹெட்டில் அப்பியிருக்கும். ஹெட்டுக்கும் நாடாவுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி விழுந்தாலே உச்ச ஒலிகள்தான் முதலில் சாகும். அதுதான் உங்கள் போர்வை. பார்மசியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் கேளுங்கள். 70 சதவீதத்தில் தண்ணீர் அதிகம், 90க்கு மேல் கிடைத்தால் நல்லது. பஞ்சுக் குச்சியில் நனைத்து, பழுப்பு வருவது நிற்கும் வரை ஹெட்டைத் துடையுங்கள். ரப்பர் உருளைக்கு மட்டும் ஆல்கஹால் வேண்டாம், ஈரத் துணி போதும். காற்றில் ஈரம் 70 சதவீதத்தைத் தாண்டினாலே பூஞ்சைக்குக் கொண்டாட்டம், நம் ஊரில் அது தினப்படி. அதனால் பூத்த கேசட்டுகளைத் தனியாகப் பிரித்து, சிலிக்கா ஜெல்லோடு இறுக மூடும் டப்பாவில் இரண்டு வாரம் வையுங்கள். காய்ந்தால் தூளாகிவிடும், அப்புறம் வாசலில் வைத்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு துடைக்கலாம். வீட்டுக்குள் தட்டாதீர்கள்.

கீபோர்டு விஷயம்: லேப்டாப்பில் நீங்கள் சொருகிய துளை ரோஸ் நிறமா?

சிப்புட் கேசட்காரன்:
ஆமாம் அண்ணே, ரோஸ்தான்.

ஈப்போ ரிப்பேர்:
பிடிபட்டது. அது மைக்குக்கான துளை. பெரும்பாலும் மோனோ, ஒரு பக்கம்தான் உள்ளே போகும். உங்கள் பேண்டு கீபோர்டை மறு பக்கத்தில் தள்ளி மிக்ஸ் செய்திருப்பார்கள். மைக்கின் சின்ன சத்தத்துக்கான துளையில் டெக்கின் பெரிய சத்தத்தைத் தள்ளினால் கரகரக்காமல் என்ன செய்யும்? லைன்-இன் (டெக் மாதிரிப் பெரிய சத்தத்துக்கான துளை) உள்ள யூஎஸ்பி ஆடியோ பெட்டி ஒன்று வாங்குங்கள், ஸ்டீரியோவா என்று கேட்டு வாங்குங்கள். பதிவு செய்ய ஆடாசிட்டி மென்பொருள் இலவசம். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் வேவ் கோப்பு நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி பிடிக்கும். ஒரு மணி நேரக் கேசட் 600 எம்பி. தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் கோப்பாக ஆக்கினால் ஏறக்குறைய பாதி.

செம்பனைத் தங்கச்சி:
ஒன்று சொல்ல விட்டுவிட்டீர்கள். காலிக் கேசட்டில் அவர்களே பதிவு செய்து விற்றது என்றால், மேல் விளிம்பில் உள்ள இரண்டு சின்னக் காதுகளும் உடையாமலே இருக்கும். உடனே உடைத்துவிடுங்கள் அண்ணா, அப்புறம் தெரியாமல் அமுக்கினாலும் மேலே பதிவாகாது. எங்கள் வீட்டில் அக்கா மகன் ரெக்கார்டை அமுக்கி, தாத்தா பாடிய பஜனை மேல் அவனுடைய இருமல் ஏறிவிட்டது.

சிப்புட் கேசட்காரன்:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். ஹெட்டில் இருந்து வந்த பழுப்பைப் பார்த்துப் பயந்துவிட்டேன். கடைக் கேசட்டுகள் எல்லாம் இப்போது கணீர் என்று பாடுகின்றன. கீபோர்டும் திரும்பி வந்துவிட்டது! ஆனால் பேண்டுக்காரர்கள் வீட்டிலேயே பதிவு செய்த ஏழெட்டு மட்டும் இன்னும் மந்தமாகத்தான் இருக்கின்றன.

ஈப்போ ரிப்பேர்:
அவர்கள் டெக்கின் ஹெட் ஒரு சாய்வு, உங்களுடையது வேறு சாய்வு. ஹெட் பக்கத்தில் ஒரு ஸ்பிரிங் திருகு இருக்கும். கேசட் ஓடும்போதே அதை இம்மி இம்மியாகத் திருப்பி, ஜால்ரா சத்தம் மிகத் தெளிவாகும் இடத்தில் நிறுத்துங்கள். முதலில் இருந்த நிலையைப் பேனாவால் குறித்து வைத்தால், திருப்பிக் கொண்டுவரலாம்.

சிப்புட் கேசட்காரன்:
திருப்பினேன், திறந்துகொண்டது. யூடியூபில் போடலாமா என்று கேட்க, அந்தக் கீபோர்டுக்காரரைத் தேடிப் பிடித்தேன். இப்போது செம்பனை எண்ணெய் ஆலையில் லாரி ஓட்டுகிறார். போனில் பாட்டைப் போட்டேன். அனுமதி பற்றி அவர் ஒன்றுமே சொல்லவில்லை. "என்னடா, நான் இவ்வளவு வேகமா வாசிக்கலையே" என்றார்.

ஈப்போ ரிப்பேர்:
சரியாகத்தான் பிடித்திருக்கிறார். உங்கள் டெக் மோட்டார் வேகமாக ஓடுகிறது. 6 சதவீதம் கூடினால் சுருதி அரை ஸ்வரம் ஏறிவிடும். ஆடாசிட்டியில் வேகம் மாற்றும் வசதியைப் பயன்படுத்துங்கள். சுருதியை மட்டும் மாற்றுவதைத் தொடாதீர்கள், தாளம் வேகம் குறையாமல் அப்படியே நிற்கும். எத்தனை சதவீதம் என்று கண்டுபிடிக்க, அந்தப் பாட்டின் உண்மையான சுருதி தெரிய வேண்டும்.

சிப்புட் கேசட்காரன்:
அந்தப் பழைய கீபோர்டு இன்னும் அவர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்போடு போகிறேன்.