மாங்கா (ஜப்பானியப் படக்கதை) காதல் நகைச்சுவைகளில் உங்களை இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் காட்சி எது?

கயல்

கதை எல்லோருக்கும் தெரியும், நேராகச் சொல்கிறேன். ‘நிசெகோய்’ கடைசி அத்தியாயம். கதாநாயகன் ராக்குவுக்கும் சிதோகேவுக்கும் கல்யாணம். கேக் செய்பவள், அவனை விரும்பிய ஒனோதேரா.

அந்தப் பக்கத்தைத் தாண்ட எனக்குப் பத்து நிமிடம் ஆனது. 2011இல் தொடங்கி 2016இல் முடிந்த தொடர், 229 அத்தியாயங்கள். ஒனோதேரா சமைத்தால் கண்ணுக்கு அழகாக இருக்கும், வாயில் வைக்க முடியாது. இந்த ஒன்றை வைத்தே எத்தனை முறை நம்மைச் சிரிக்கவைத்தார் ஆசிரியர் கோமி! இனிப்புக் கடைக்காரர் வீட்டுப் பெண் வேறு. கடைசியில் அவள் கைக்குப் பக்குவம் வந்தது, வந்ததும் போய்ச் சேர்ந்தது அவன் கல்யாணப் பந்திக்கு.

பறக்கும் ரயிலில் உட்கார்ந்து படித்தேன். கண்ணீர் நிற்கவில்லை. பக்கத்து இருக்கை அம்மாள், “ஏம்மா, வீட்டில் ஏதாவதா?” என்று கேட்டார். “என் சிநேகிதி விரும்பியவனுக்கு வேறு இடத்தில் கல்யாணம்” என்றேன். அப்போது அது பொய்யாகவே தோன்றவில்லை. அவர் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்துவிட்டு, “அவளை வேளைக்குச் சாப்பிடச் சொல்” என்றார். மாங்காவைவிட அந்த வார்த்தைதான் இன்றும் காதில் நிற்கிறது.

நெய்தல்நிலத்தான்

கயல், உங்கள் கண்ணீரை மதிக்கிறேன். ஆனால் ஒனோதேராவுக்கு அநீதி நடந்ததுபோல் எழுதுவதை ஏற்க மாட்டேன். சின்ன வயதில் வாக்குக் கொடுத்த பெண் அவள்தான் என்று கதையே ஒப்புக்கொள்கிறது. ராக்குவின் கழுத்தில் தொங்கும் பூட்டுக்கு ஆளுக்கொரு சாவி வைத்திருந்த பெண்களில் அவளும் ஒருத்தி. அவ்வளவும் தெரிந்த பிறகும் அவன் சிதோகேயிடம் போகிறான். பழைய வாக்கைவிடத் தினமும் கூடவே நின்று சண்டை போட்டவள் பெரியவள் என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! வாக்குக் கொடுத்தவளையே கட்டிவைத்திருந்தால் அதற்கு ஐந்து ஆண்டுகள் எதற்கு?

என் அனுபவம் சின்னது. இதே முடிவைப் பற்றிப் பேசி என் அறைத்தோழன் மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. அவன், ராக்குவை விரும்பிய இன்னொருத்தி மாரிகாவின் ஆள். பாத்திரங்களுக்கான வாக்கெடுப்பில் மாரிகாவுக்காக ஒரே வாசகர் 1500 அட்டைகள் அனுப்பினார் என்று படித்த அன்று, செய்தியைச் சுவரில் ஒட்டிவைத்தான். நான்காவது வாரம், இரவு ஒரு மணிக்கு, இருட்டில் அவன் குரல் வந்தது: “அவள் ஒரு தடவையாவது ஜெயித்திருக்கலாம்.” பதில் சொல்லாமல் படுத்திருந்தேன். ஏதாவது சொல்லியிருக்க வேண்டும்.

இரட்டைக்கிளவி

யார் ஜெயித்தார், யார் தோற்றார் என்பதை விடுங்கள். எனக்கு ‘கோதோபுன் நோ ஹனயோமே’தான், அதுவும் கடைசியில் வரும் திருமண நாள்.

ஒரே பிரசவத்தில் பிறந்து ஒரே முகமாக இருக்கும் ஐந்து சகோதரிகளும் ஒரே மணப்பெண் கோலத்தில் நிற்கிறார்கள். யார் யாரென்று மாப்பிள்ளை ஃபூதாரோ சொல்ல வேண்டும். அன்பிருந்தால் அடையாளம் தெரியும் என்று அந்த வீட்டில் தொடக்கத்திலிருந்தே சொல்லி வருவார்கள். முதல் தொகுதியில் ஒருத்தியைக்கூட அடையாளம் காணத் தெரியாதவன், இப்போது ஒவ்வொருத்தியிடமும் போய்ப் பெயரைச் சொல்கிறான். கட்டிக்கொள்ளப்போவது யோத்சுபாவைத்தான். ஆனாலும் மற்ற நால்வர் பெயரும் அவன் வாயில் தப்பாமல் வருகிறது.

நான் இரட்டையரில் இளையவள். உறவினர்கள் எங்களை “ரெண்டில் ஒன்று” என்பார்கள். பள்ளியில் என் மதிப்பெண் அட்டையை அக்காவிடம் கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருக்கிறார்கள். தாத்தா மட்டும் வேறு. கண் மங்கிய பிறகும் நான் வாசலில் செருப்பைக் கழற்றும் ஓசையிலேயே, “சின்னவளா?” என்பார். ஃபூதாரோ ஐந்தாவது பெயரைச் சொன்னபோது தாத்தா போய் நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. புத்தகத்தை மூடிவிட்டு வாசலுக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

நெய்தல்நிலத்தான், உங்கள் வாதப்படி பார்த்தால் இங்கே சின்ன வயதில் கியோத்தோவில் சந்தித்தவளே மணப்பெண். அப்படியானால் இந்த முடிவு கோழைத்தனமா?

நெய்தல்நிலத்தான்

கோழைத்தனம் என்று சொல்லவில்லை. அங்கே யோத்சுபா அந்த நினைவை உரிமையாக்கிக் கேட்கவே இல்லை, மறைத்தே வைத்திருந்தாள். அந்த வேறுபாடு எனக்குப் பெரிது. தாத்தாவைப் பற்றிப் படித்த பிறகு இதற்கு மேல் வாதாட மனம் வரவில்லை.

நிஷிகசாய் வாசி

தோக்கியோவில் வேலை. என் காட்சி இரண்டே வரி. மொழி படித்துக்கொண்டிருந்த காலத்தில், இங்கே ஜிம்போச்சோ பகுதியில் பழைய புத்தகக் கடை ஒன்றில் நின்றபடி ஒரு மாங்காவைப் புரட்டினேன். ஒரு பையன் தலைகுனிந்து “சுகி தெசு” (பிடித்திருக்கிறது) என்கிறான். மொழிபெயர்ப்பு இல்லாமல் நேராக எனக்குப் புரிந்த முதல் காதல் வாக்கியம் அது.

இப்போது எல்லோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஆங்கிலம் வழியாக மட்டும் படித்துவிட்டு முடிவுகளைத் தீர்ப்பிடாதீர்கள். “சுகி” என்பதற்கு நம்மிடம் சரியான சொல் இருக்கிறது: பிடிக்கும். “உன்னை எனக்குப் பிடித்திருக்கிறது” என்று தமிழில் ஒருவன் திக்கித் திணறிச் சொல்லும்போது இருக்கும் எடை எவ்வளவோ, அவ்வளவேதான் அதற்கும். ஆங்கிலத்தில் அது பல இடங்களில் பெருங்காதல் பிரகடனமாகிவிடுகிறது. பிறகு, “இவ்வளவு பெரிதாகச் சொன்னவளை எப்படி விட்டான்?” என்று நாம் கோபப்படுகிறோம்.

விளிப்பும் அப்படித்தான். குடும்பப் பெயரிலிருந்து சொந்தப் பெயருக்கு மாறுவதற்கே சில தொடர்களில் பல தொகுதிகள் ஆகும். ஆங்கிலத்தில் அது கண்ணில் படாமல் போய்விடும். நமக்கோ “நீங்கள்” என்பது “நீ” ஆகும் நாள் எதுவென்று நன்றாகத் தெரியும். ஆகவே மொழியைப் படியுங்கள். சிறுவர் வார இதழ்த் தொடர்களில் தொடங்குங்கள், கஞ்சி என்னும் சீன வழி எழுத்துகளின் பக்கத்தில் உச்சரிப்பைச் சின்னதாக அச்சிட்டிருப்பார்கள். பெரியவர்களுக்கான இதழ்களில் பெரும்பாலும் அந்த உதவி கிடைக்காது. ஒரு தொகுதியை மூன்று முறை படியுங்கள், முதல் தடவை அகராதியைத் தொடாதீர்கள். பழைய தொகுதிகள் இங்கே நூறு யென் அளவிலேயே கிடைக்கின்றன, ஊருக்கு வருபவர்களிடம் சொல்லி வாங்கிக்கொள்ளலாம். ஓசைச் சொற்களைத் தாண்டிப் போகாதீர்கள். இரட்டைக்கிளவி என்று பெயர் வைத்திருப்பவருக்கு இதைச் சொல்லவே வேண்டாம்: நெஞ்சு அடித்துக்கொள்ளும் “தோகி தோகி” என்பது நம் “படபட”தான்.

முல்லை

இங்கே யாரும் ‘மேஸோன் இக்கோகு’ பற்றிப் பேசவில்லை. ரூமிகோ தகாஹாஷி 1980 முதல் 1987 வரை எழுதியது, 15 தொகுதிகள். விடுதியைப் பார்த்துக்கொள்ளும் கியோகோ இளம் விதவை. அங்கே குடியிருக்கும் கோதாய், கல்லூரியில் இடம் கிடைக்காமல் மறுபடியும் தேர்வுக்குப் படிக்கும் பையன். போட்டிக்கு மித்தாகா இருக்கிறான், பணம் இருக்கிறது, பல் பளபளக்கிறது. ஆனால் உண்மையான போட்டி இறந்துபோன கணவர் சோயிசிரோதான். அவர் முகத்தைக் கடைசிவரை காட்டவே இல்லை. அவர் பெயரில் ஒரு வெள்ளை நாய் மட்டும் வாசலில் படுத்திருக்கும்.

கல்யாணத்துக்கு முன் கோதாய் அவர் கல்லறைக்குப் போகிறான். நான் பார்த்த முதல் நாளிலிருந்தே அவளுக்குள் நீங்கள் இருந்தீர்கள், அப்படிப்பட்டவளைத்தான் எனக்குப் பிடித்தது, அதனால் உங்களையும் சேர்த்தே அவளை ஏற்றுக்கொள்கிறேன் என்கிறான். கியோகோ இதைக் கேட்டுக்கொண்டு நிற்பது அவனுக்குத் தெரியாது.

எனக்கு ஒன்பது வயதில் அப்பா போனார். பதினான்கு வயதில் அம்மா மறுமணம் செய்துகொண்டார். வந்தவரை இன்றுவரை “மாமா” என்றுதான் அழைக்கிறேன். பதிவுத் திருமணத்துக்கு முந்தின நாள் மாலை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா அடுப்படியில் இருந்தார். கூடத்தில் அப்பா படத்துக்கு முன்னால் மாமா தனியாக நின்றார், கை கூப்பவில்லை. உதடுகள் அசைந்தன. கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்த நான், அப்பாவைக் கழற்றி வைக்கப்போகிறார் என்று நினைத்தேன். பல மாதம் அந்தக் கோபத்தில் இருந்தேன். படம் இன்னும் அதே ஆணியில் தொங்குகிறது. வெள்ளிக்கிழமைப் பூவை வாங்கி வருபவர் மாமாதான்.

அந்தக் கல்லறை அத்தியாயத்தை இருபத்தேழு வயதில் படித்தேன். அன்று அவர் என்ன சொன்னார் என்பதைப் பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு ஜப்பானியக் கதையில் படித்ததுபோல் இருந்தது.

தோற்றவர் வேறு, வென்றவர் வேறு என்று வாதாடும் இருவருக்கும்: சோயிசிரோ எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள்.

கயல்

முல்லை, மாமாவிடம் கேட்டீர்களா?

முல்லை

இல்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறேன். கடைசித் தொகுதியை எடுத்து வைத்திருக்கிறேன். வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும் என்று அவருக்கு முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும்.